எழும்பாத படுக்கை

1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருந்தகத்துக்காக வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார் மிஷனெரி ஏமி கார்மைக்கேல். பொழுது சாய்ந்திருந்தது. வெட்டக் கூடாத இடத்தில் வெட்டி வைத்திருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்ததில் கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. கொஞ்ச நாளில் எழும்பி நடப்பார் என்றுதான் அவர் பிள்ளைகளை வளர்த்துவந்த டோனாவூரில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 1951 ஜனவரி 18 அன்று கண்ணை மூடும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையிலேயே போயின. 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். விடுப்பில்கூடச் சொந்த நாடு திரும்பாதவர். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் திருநெல்வேலிச் சீமையைச் சுற்றியவர்.

அன்று காலையில் அவர் செய்த ஜெபத்தை வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். உமக்கு ஊழியம் செய்யவும் என் பிள்ளைகளுக்கு உதவவும் என்னைத் தகுதியாக்க எது வேண்டுமோ அதைச் செய்யும் என்று கேட்டாராம். பிரசங்கத்தில் இதைச் சொல்பவர்கள் சாயங்காலத்து விழுகையை உடனே அதனோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த அவசரம் ஆகாது. குழியை வெட்டியது மனிதக் கை. இடம் தவறியதும் மனிதத் தவறு. அதைக் கர்த்தர் தலையில் சுமத்த எனக்கு மனம் வராது. ஆனால் குழிக்குள் விழுந்தவரை அவர் கைவிடவில்லை என்று முழு மனதோடு நம்புகிறேன். தேவ சித்தத்தை நம்புவது என்றால் எனக்கு இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ளவே ஓர் ஆயுள் வேண்டும்.

படுத்துக் கிடந்த அவருக்கு ஆறுதல் சொல்லும் கைப்பிரதிகள் வந்தன. எழுதியவர்கள் திடகாத்திரமானவர்கள் என்பது வாசித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நோயாளிகளுக்கு ஒரு நோயாளியே எழுதினால்தான் சரி என்று 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற புத்தகத்தை எழுதினார், அது 1933-ல் வெளிவந்தது. வலியும் தூக்கமில்லாத இரவும் அவரை விட்டுப் போகவில்லை. அதற்கு நடுவில்தான் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார், வந்தவர்களின் பாரத்தைக் கேட்டார், புத்தகத்துக்கு மேல் புத்தகம் எழுதினார்.

துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம்மில் சிலர் "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லும் உரிமை உள்ளே அழுகிறவர்களுடையது. அவர்கள் சொல்லும்வரை கூட உட்கார்ந்திருந்தால் போதும். கெத்செமனேயில் இயேசு பாத்திரம் நீங்கும்படி மன்றாடிய பிறகுதான் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். பவுலும் தம் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில் வந்தது. கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு இடங்களையும் எடுத்துக் காட்டுங்கள்.

எங்கள் சபையில் சாட்சி நேரம் என்றால் வேலை கிடைத்தது, விசா வந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் வரும். நன்றி சொல்ல வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா எழும்பினார்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க ராத்திரியிலும் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போடுகிறவர்கள். "இவுங்க இன்னும் எழும்பலை. நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். முன்னெல்லாம் கோவத்தோட கேட்பேன், இப்போ பக்கத்துல உக்காந்து கேக்கற மாதிரி இருக்கு. ஸ்தோத்திரம்" என்றார்கள். 'ஆமென்' சொல்லக்கூடச் சபைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கேட்ட சாட்சிகளில் ஆவிக்குரிய வளர்ச்சியை இவ்வளவு தெளிவாகக் காட்டியது வேறில்லை.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வேப்பமரத்தடியில் கூடி, எந்தெந்த மத்தியானம் யார் போய் அக்காவுக்குக் கை கொடுப்பது என்று முறை போட்டார்கள். செவ்வாய்க்கிழமையைப் போதகரின் மனைவி ஐயரம்மா எடுத்துக்கொண்டார்கள்.