வீட்டுப் பூனை கூடிவிட்டதா? கொஞ்சம் கவனிப்போம்



பாடசாலை வாசலில், பள்ளிவாசல் மதிலோரம், சந்தைப் பக்கம் என்று காட்போட் பெட்டிக்குள் கண் திறக்காத பூனைக்குட்டிகள். நம் ஊரில் எல்லோரும் காண்பதுதான். கொண்டுவந்து வைப்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். "எங்கட பூனை வயித்துல குட்டி இருந்ததே தெரியாது" என்பார்கள். அதனால் பூனை வளர்க்கும் நாங்கள் அறிந்ததை எழுதுகிறோம்.

பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்தால் இரவு பகலாகக் கத்தும், நிலத்தில் புரளும், காலில் உரசும். முதுகைத் தடவினால் பின்பக்கத்தை உயர்த்தி வாலை ஒரு பக்கம் ஒதுக்கும். இது நோயல்ல. நான்கைந்து மாதக் குட்டிக்கே வரலாம். குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் இந்தப் பருவம் ஓயும். பகல் நீளம் ஆண்டு முழுக்க பெரிதாக மாறாத நம் நாட்டில் அந்த ஓய்வு இல்லை.

கூடும்போது கடுவன் பெட்டையின் பிடரியைக் கவ்வும். சில நொடிதான். முடிந்ததும் பெட்டை வீரிட்டுக் கத்தி, கடுவனை அடித்துத் துரத்தும். பிறகு புரண்டு புரண்டு தன் பின்பக்கத்தை நக்கும். நள்ளிரவில் கூரையில் கேட்கும் அலறல் எல்லாம் சண்டையல்ல. பூனைக்குக் கரு முட்டை வெளிவருவதே பொதுவாகக் கூடிய பிறகுதான். பல கடுவன்களோடு கூடினால் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்மார் இருக்கலாம்.

கூடியதை நாம் பெரும்பாலும் காண்பதில்லை. வெளியே போய் வந்த பூனையின் பிடரி மயிர் கலைந்தோ, சிறு காயத்தோடோ இருந்தால் சந்தேகிக்கலாம். கத்தல் நின்றது மட்டும் போதாது. கூடாவிட்டாலும் ஒரு கிழமையளவில் அது அடங்கி, இரண்டு மூன்று கிழமையில் திரும்ப வரும். வராவிட்டால் கவனியுங்கள். மூன்றாம் கிழமையளவில் முலைக்காம்புகள் தடித்து இளஞ்சிவப்பாகும். ஐந்தாம் கிழமையளவில் வயிறு தெரியும். கூடிய நாளிலிருந்து சுமார் 63 முதல் 65 நாளில் குட்டி போடும். பொய்ச்சினையும் உண்டு என்பதால் உறுதியாக அறிய மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்றை நாமே அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

பூனை சோர்ந்து கிடக்கிறது என்று பரசிட்டமோல் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது நஞ்சு. வைத்தியரைக் கேட்காமல் கருத்தடை ஊசியும் போடாதீர்கள். வயிற்றில் குட்டி இருக்கும்போது போட்டால் பிரசவம் சிக்கலாகலாம்.

குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி சினைப்படலாம். அந்த நாட்களில் வீட்டுக்குள் வைத்திருங்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மார்க்கத் தீர்ப்பில் சந்தேகமிருந்தால் ஊர் ஆலிமிடமும் கேளுங்கள்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்ட ஹதீஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பால்குடி மறக்காத குட்டியைப் பெட்டியில் வைத்து வீதியில் விடுவதும் பட்டினி போடுவதுதான் அல்லவா? குட்டி பிறக்க முன் இரண்டு மாதம் நம் கையில் இருக்கிறது. அதற்குள் யார் வளர்ப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். பிறந்த பின்னும் எட்டுக் கிழமையாவது தாயோடு விடுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தப் பெட்டிகள் குறையும்.