தினைக் கிண்ணம்

குளிர்கால விடுமுறை தொடங்கிய வாரத்தில், தில்லியின் அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடிக்குத் துளைகள் இட்ட சிறிய அட்டைப் பெட்டி வந்து சேர்ந்தது. அதனுள் ஒரு பட்ஜெரிகர் பறவை இருந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த பரிசு அது. பச்சை உடல், மஞ்சள் முகம், கழுத்தின் கீழே வரிசையாகக் கரும்புள்ளிகள். அப்புள்ளிகளைக் கண்டதும் அவள் அதற்கு ‘மிளகு’ என்று பெயரிட்டாள்.

கடைகளில் இப்பறவையை ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கூறி விற்பது வழக்கம். அப்பெயருக்கு உரிய பறவை வேறு. அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பட்ஜெரிகரின் தாயகமோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளிகள். அங்கே இவை பெருங்கூட்டமாகப் பறந்து திரிந்து, தரையில் இறங்கிப் புல்விதைகளைப் பொறுக்கி உண்ணும். ஜான் கூல்டு என்னும் பறவையியல் அறிஞர் 1840ஆம் ஆண்டில் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் இவை உலகெங்கும் கூண்டுகளில் வளர்க்கப்படலாயின. சிறுமி முதலில் விரும்பியது நம் நாட்டுப் பச்சைக்கிளியைத்தான். அதைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று தந்தை கூறிய பிறகே அவள் மனம் மாறினாள்.

மிளகு அன்றிரவு உண்ணவில்லை. மறுநாள் காலையிலும் உண்ணவில்லை. கூண்டின் மேல்கம்பில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு, இறகுகளை உடலோடு இறுக்கி, அசையாமல் அமர்ந்திருந்தது. கூண்டின் அடியில் விரித்த வெள்ளைத்தாளில் எச்சமும் மிகக் குறைவாகவே இருந்தது. உள்ளே ஏதும் செல்லவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிறுமி தன்னால் இயன்றதையெல்லாம் செய்தாள், அதுவே தவறாயிற்று. கால்மணிக்கு ஒருமுறை கூண்டருகே சென்று எட்டிப் பார்த்தாள். விதையை விரலில் வைத்துக் கம்பிகளுக்கிடையே நீட்டினாள். வெயில் வேண்டுமென்று கூண்டைச் சன்னலுக்கு நகர்த்தினாள். குளிர்காற்று வீசுகிறதென்று மீண்டும் சமையலறை வாயிலுக்குக் கொண்டுவந்தாள். அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வர் வந்து கூண்டைச் சூழ்ந்துகொண்டு சீழ்க்கை அடித்தனர். முப்பது, நாற்பது கிராம் எடையே உள்ள ஓர் உயிருக்குத் தன்னை நோக்கி வரும் பெரிய கை எதுவாயினும் பகையே. அது அன்பான கை என்று அறிய அதற்கு நாள்கள் பல தேவை.

அம்மா பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கூண்டைக் கூடத்துச் சுவரோரம் வைத்தார். மூன்று பக்கங்களைப் பருத்தித் துணியால் மூடி, முன்பக்கத்தை மட்டும் திறந்து விட்டார். சமையலறைக்கு அருகில் பறவை இருப்பதே தீது. நான்-ஸ்டிக் தோசைக்கல் அளவுமீறிச் சூடேறினால் எழும் புகையைப் பறவைகளின் நுரையீரல் தாங்காது. சில நிமிடங்களில் அவை இறந்துவிடும். அன்று முதல் அவ்வீட்டில் பழைய இரும்புக்கல்லே அடுப்பேறியது. முதல் நான்கு தோசைகள் கல்லோடு ஒட்டிக்கொண்டதைப் பற்றித் தம்பி நெடுநேரம் முறையிட்டான்.

அன்று மாலை சிறுமிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கடையில் பறவைகள் அனைத்தும் தரையில் வைத்த அகன்ற மண்தட்டில் கூடி நின்று உண்டன. இங்கே விதை இருந்ததோ, கம்பியில் மாட்டிய, மூடி கவிந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில். அதனுள் உணவு இருக்கிறது என்பதையே மிளகு அறிந்திருக்காது! அவள் ஓசையின்றிக் கூண்டைத் திறந்து, வெள்ளைத்தாளின்மேல் தினையைத் தூவினாள். திறந்த சிறு கிண்ணம் ஒன்றிலும் நிரப்பி வைத்தாள். பிறகு அம்மா சொன்னபடி, சற்று எட்டத் தரையில் அமர்ந்து, பறவையைப் பாராமல் தன் தட்டிலிருந்த தோசையை உண்ணத் தொடங்கினாள். கூட்டமாக வாழும் பறவை, அருகில் பிறிதோர் உயிர் அச்சமின்றி உண்பதைக் கண்டால் தானும் துணிவு கொள்ளும்.

இரண்டாம் தோசை முடியும் வேளையில் மிக மெல்லிய ஒலி ஒன்று கேட்டது. விதையின் தோல் உடையும் ஒலி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சங்க காலக் குறிஞ்சி நிலப் பெண்கள் தினைப்புனத்தில் பரண் அமைத்து, தட்டையும் குளிரும் ஒலித்து, கவண்கல் எறிந்து கிளிகளை ஓட்டினர். தினைக்கும் கிளிக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பழையது. இந்தச் சிறுமியோ, ஒரு கிளி இனப்பறவை நாலு தினையைத் தின்னாதா என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

அடுத்த நாள்களில் மிளகு நன்கு உண்டது; கூண்டெங்கும் ஏறி இறங்கியது; காலையில் கீச்சிட்டு வீட்டாரை எழுப்பியது. பள்ளியும் திறந்தது. சிறுமி காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கிண்ணத்தைப் பார்ப்பாள். அது நிறைந்தே இருக்கும். மனநிறைவோடு தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டுச் செல்வாள்.

அவ்வாரக் கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து அம்மாச்சி வந்தார். பெட்டியை வைத்ததும் கூண்டருகே சென்றவர், நெற்றியைச் சுருக்கினார். மிளகு கூண்டின் தரையில், இறகுகளைப் பந்துபோல் உப்பிக்கொண்டு, கண்களைப் பாதி மூடி அமர்ந்திருந்தது.

“இது இரை தின்கிறதா, கண்ணு?”

“தின்கிறது, அம்மாச்சி. கிண்ணம் நிறைய இருக்கிறது, பாருங்கள்.”

அம்மாச்சி கிண்ணத்தை வெளியே எடுத்து, வாயருகே பிடித்து ஊதினார். கிண்ணத்திலிருந்தவை அத்தனையும் பறந்து கூடமெங்கும் பரவின. அடியில் ஏழெட்டு விதைகளே எஞ்சின.

“இது உமி, கண்ணு. தினை எங்கே?”

முறத்தில் தானியம் புடைத்துப் பழகிய கைக்கு அது ஒரு நொடியில் தெரிந்தது. பட்ஜெரிகர் விதையை அலகால் உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் விழுங்கி, தோலைக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிடும். மேலிருந்து காண்போருக்குக் கிண்ணம் குறையாதது போலவே தோன்றும். ஆசையோடு பறவை வளர்க்கத் தொடங்குவோர் பலரும் ஏமாறும் இடம் இது.

சிறுமி ஒன்றும் பேசவில்லை. புதுத் தினை இட்டபோது மிளகு தலையை நிமிர்த்தியது. சில விதைகளைக் கொறித்தது. ஆயினும் தந்தை காத்திராமல் அதை மருத்துவரிடம் எடுத்துச் சென்றார். பறவைகள் நோயை இயன்றவரை மறைத்துக்கொள்ளும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அன்று எடை 27 கிராம். மருத்துவர் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவும், நாள்தோறும் எடை பார்க்கவும் கூறினார். அவ்விரவு சிறுமி உண்ண மறுத்தாள். அம்மாச்சி அவளைக் கடியவும் இல்லை, தேற்றவும் இல்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து, கூண்டருகே பாயை விரித்து, அவளை அருகில் அமர்த்திக்கொண்டு, முதலில் தாம் உண்ணத் தொடங்கினார்.

பதினைந்து நாள்களில் எடை 33 கிராமாக உயர்ந்தது. சமையலறைத் தராசில் நிறுத்த எடைகள் இன்றும் நாட்காட்டியின் ஓரத்தில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அம்மாச்சி ஊர் திரும்பிவிட்டார். சிறுமி காலைதோறும் கிண்ணத்தை மாடி முகப்புக்கு எடுத்துச் சென்று ஊதுவாள். கீழ்வீட்டு அம்மையார், உலர்த்திய போர்வையில் உமி விழுகிறது என்று இந்தியில் இருமுறை முறையிட்ட பிறகு, அவ்வேலை குளியலறையில் நடைபெறுகிறது.