தூங்காத பூச்சி நான்!

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி, 'இந்தத் தூக்கம் மட்டும் இல்லாம இருந்தா...'ன்னு ஏங்காத ஆள் நம்மில் உண்டா பாஸ்? எனக்கு அந்த வரம் கிடைச்சுது, பகடை புண்ணியத்துல!

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஒருத்தர் கதை சொல்ல, மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா பேசணும். ஜெயிச்சோமாங்கிறதை 20 முகப் பகடை சொல்லும். ராமநாதபுரம் ரூமில் நாங்க நாலு பேர். நான் எடுத்தது 'திரி-க்ரீன்'. மனுஷ சைஸ் கும்பிடுபூச்சி, நாலு கை, தூக்கமே கிடையாது! 1991-ல் வந்த 'டார்க் சன்' பாலைவன உலகத்துல, தூங்கறவங்க எல்லாம் இதுக்குச் சோம்பேறிங்க. நானும் அதே கெத்துலதான் இருந்தேன்.

கூடாரம் போட்டதும் மத்தவங்க, "தூங்கறோம்"னு சொல்லிட்டு முறுக்கு தின்ன ஆரம்பிச்சாங்க. நான் மட்டும் காவல்.

"என்ன பண்றே?"ன்னான் கதை சொல்றவன்.

"பார்த்துட்டிருக்கேன்."

"அடுத்த மணி நேரம்?"

"பார்த்துட்டிருக்கேன்."

மூணாவது தடவை கேட்டப்போ அப்பா ஞாபகம் வந்துடுச்சு.

அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகுல போறவர். காலையில் டோக்கன் வாங்கிட்டுப் போனா மறுநாள் காலையிலதான் கரை. ராத்திரி வலையையும் பார்க்கணும், தூரத்துல தெரியற வெளிச்சத்தையும் பார்க்கணும். வந்து பகல்ல படுத்தா, "எப்பப் பாரு தூக்கம்"னு அலுத்துக்குவேன். சொன்னது நான்தான் பாஸ்!

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம். அப்பவும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து திண்ணையில உட்கார்ந்திருந்தார். பக்கத்துல போய் உட்கார்ந்து பூச்சிக் கதையைச் சொன்னேன்.

"நாலு கையா? இறால் பிரிக்க நல்லாருக்குமே!"ன்னார்.