மலையின் கறுப்பு மைனா

மே மாதத்தில் கொங்கணக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் சொன்னது ஒன்றுதான். அந்த மாதத்தில் அங்கே மாம்பழம் வாங்கப் போவார்கள், நடக்கப் போக மாட்டார்கள். நியாயம்தான். வியர்வை காய்வதே இல்லை. காலை ஒன்பதரைக்கு மேல் செம்பாறையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறுகிறது. ஆனால் களா பழுப்பது அந்த நாலைந்து வாரங்களில்தான். ஜூனில் மழை இறங்கியதும் கதை முடிந்தது.

களா என்றால் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் ஊறுகாய். மராட்டியர்களுக்கு அது பழம். பெயர் கர்வந்த். பச்சையாக இருக்கும்போது கிள்ளினால் பால் வடியும், பல் கூசும். சிவந்து, பிறகு நன்றாகக் கறுத்ததும் இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு ருசி வரும். மும்பை ரயில் நிலைய வாசல்களில் ஆதிவாசிப் பெண்கள் இலைத் தொன்னையில் வைத்து விற்பார்கள். ‘டோங்கராசி காளி மைனா’ என்று செல்லப் பெயர், அதாவது மலையின் கறுப்பு மைனா. பல வருஷங்கள் தொன்னையிலேயே தின்றுவிட்டு, புதரை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. என் கணவருக்கு வேறு ஆசை இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரத்னகிரி வரை கொங்கண் ரயில். அங்கிருந்து அரசு பஸ்ஸில் கணேஷ்குளே. பிறகு கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடை: முச்குந்தி ஆற்று முகத்தில் பூர்ணகட் கோட்டை, காவ்கடி, கஷேளி, கடைசியில் ஆம்போல்கட். விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகல் முழுக்க ஏதாவது கோயில் மண்டபம், கிணற்றடி, தூக்கம். ஒரு கூடாரம், இரண்டு பைகள். இவர் கிலோமீட்டர் எண்ணுகிறவர், நான் புதருக்குப் புதர் நிற்கிறவள். கல்யாணமான நாளிலிருந்து இதே கணக்குதான்.

கடற்கரையில் படுப்பதற்கு முதலில் தெரிய வேண்டியது கடல் எவ்வளவு ஏறும் என்பது. இவர் கைபேசியில் ஓத அட்டவணை வைத்திருந்தார். பூர்ணகட்டில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் கணக்கைச் சொன்னார். திதியை மூன்றால் பெருக்கி நான்கால் வகு. அதுதான் கடல் முழுசாக ஏறி நிற்கும் மணி. சதுர்த்தியானால் மூன்று, அஷ்டமியானால் ஆறு, ஏகாதசியானால் எட்டே கால். பகலிலும் ஏறக்குறைய அதே நேரம், இரவிலும் அதே நேரம். ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு மணி நேரத்துக்குள் ஒத்துப்போனது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் அதிகம் மேலே வரும் என்பதால் காய்ந்த பாசி கோடு போட்டுக் கிடக்கும் இடத்துக்கும் மேலே, சவுக்குத் தோப்பின் ஓரத்தில்தான் கூடாரம். அதற்கும் முன்னால் ஊரில் யாரிடமாவது கேட்டுவிடுவோம். மறுத்தவர்கள் இல்லை. சாப்பிட்டாயிற்றா என்று திருப்பிக் கேட்டவர்கள்தான் அதிகம். காவ்கடியில் மட்டும் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. அந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மே மாதத்திலும் சில குஞ்சுகள் வெளிவரலாம். விளக்கைக் கண்டால் கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கிப் போகும். ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்தோம். ராத்திரி முழுவதும் அந்த வீட்டு மாமரத்தில் மின்மினிகள்.

கடற்கரையிலிருந்து மேலே ஏறினால் சடா. செம்பாறையாலான மேட்டுச் சமவெளிக்கு அங்கே அதுதான் பெயர். மழைக்குப் பிறகு பூவாய்ப் பூக்குமாம். மே மாதத்தில் கருகிய தோசைக்கல். கஷேளியில் இப்படி ஒரு பாறைப் பரப்பில்தான் பெரிய யானை ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் உடம்புக்குள்ளே இன்னும் எத்தனையோ மிருகங்கள். யார் செதுக்கினார்கள், எதற்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 2022இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த கொங்கணப் பாறைச் செதுக்கல்களில் இதுவும் ஒன்று. ஆனால் நிலப் பதிவேட்டில் இம்மாதிரிப் பாறைக்கு ‘போட்கராபா’ என்று பெயர். பயிரிட லாயக்கற்றது என்று பொருள்.

களா வளர்வது இந்த லாயக்கற்ற நிலத்தில்தான். பாறை முடிந்து கொஞ்சம் மண் தேங்கும் விளிம்புகளில், இடுப்பளவுப் புதராக. முள் இரண்டிரண்டாக இருக்கும். கையை மேலிருந்து விட்டால் கிழிக்கும், கீழிருந்து விட வேண்டும். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் பழுத்தது தானே கையில் விழும். பால் கசிந்தால் விட்டுவிட வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு விளையாட்டு உண்டு. கடிப்பதற்கு முன் சேவலா, கோழியா என்று கேட்பார்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் சேவல், வெளுப்பாக இருந்தால் கோழி. நாங்கள் இருவரும் மூன்று நாள் இதை ஆடினோம். கணக்கு வைத்தவர் இவர். ஆகவே ஜெயித்தவரும் இவரே.

கஷேளிக்குத் தெற்கே ஒரு சடாவில் அதிகாலையிலேயே ஒரு ஆஜி கூடையோடு நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். எங்கள் டப்பாவை எட்டிப் பார்த்து, “பாய், சிவப்பை ஏன் பறித்தாய்? நாளைக்குக் கறுக்குமே” என்றார். பிறகு ஒரு புதரைக் காட்டி, அது தித்திக்கும் என்றார். பக்கத்துப் புதர் புளிப்பு. பார்க்க இரண்டும் ஒன்றுதான். அறுபது வருஷமாக வருகிறவருக்குத் தெரிகிறது. மே மாதத்துக் களாவும், பிறகு நாவலும், அவருக்கு மழைக்காலச் செலவுக்கான பணம். தேக்கிலையில் தொன்னை மடித்து பஸ் நிலையத்தில் விற்கிறார். தொன்னை இருபது ரூபாய். நிலம் யாருடையது என்று கேட்டேன். யாரோ ஒருவருடையது என்றார். அரசுக் காடு அந்த மாவட்டத்தில் சொற்பம். பாறை உள்படப் பெரும்பாலும் தனியார் சொத்துதான். மாவும் முந்திரியும் சொந்தக்காரனுக்கு. களா பறிக்கிறவனுக்கு. எழுதாத சட்டம்.

அந்தச் சட்டம் ஒரு கம்பி வேலி வரைக்கும்தான் செல்லும். எதிரே தெரிந்தது. பாறையை வெடி வைத்துப் பிளந்து, லாரியில் மண் கொண்டுவந்து கொட்டி, மாங்கன்று நட்டிருந்தார்கள். சொந்தக்காரர் புனேயில். காவலாளி நேபாளத்துக்காரர், நல்லவர்தான், உள்ளே விடுவார், ஆனால் வருஷத்துக்கு ஒருவர் மாறுகிறார் என்றார் ஆஜி. வேலிக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு கூடை நிரம்புமாம். இப்போது அரைக் கூடை.

இனி என் கணவரின் ஆசை. ஓய்வு பெற்றபின் கடல் தெரிகிற மாதிரி நாலு குண்டா நிலம். நாற்பது குண்டா ஒரு ஏக்கர். மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க முடியாது என்பதால் மனையாக மாற்றிய நிலம்தான் எங்களுக்கு. ஒரு தரகரின் வரைபடம் பையிலேயே இருந்தது. நான்காம் நாள் அந்த மனைகளைப் போய்ப் பார்த்தோம். பதினான்காம் எண் மனையில் நான்கு களாப் புதர்கள். அன்றைய பழங்களில் பாதி அங்கே பறித்ததுதான்.

அன்றிரவு கூடாரத்தில் நீண்ட வாக்குவாதம். நாம் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார் என்றார் இவர். வாங்கட்டும் என்றேன். பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்கும் இடத்தில் நாலு குண்டாவா பாவம் என்று கேட்டார். அதிலும் விஷயம் இருக்கிறது. பக்கத்து நாணாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் திட்டம் 2019இல் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பிறகு பார்சு சடாவை யோசித்து, 2023 ஏப்ரலில் மண் பரிசோதனை தொடங்கியபோது கிராமத்துப் பெண்கள் வழியில் படுத்து மறித்தார்கள். ஆலை வந்தால் மறிக்கலாம், நாலு நாலு குண்டாவாக வருகிறவர்களை யார் மறிப்பது என்றேன். பதில் சொல்லாமல் டார்ச்சை அணைத்தார்.

ஜூனில் தரகர் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டாம் முறை, வேலி கட்டாயமா என்று இவர் விசாரித்தது சமையலறை வரை கேட்டது. கட்டாயம், எல்லா மனைக்கும் ஒரே மாதிரி சுற்றுச்சுவர், நடுவில் வாட்ச்மேன் என்று பெருமையாகவே சொல்லியிருக்கிறார். முன்பணம் இன்னும் போகவில்லை. வரைபடம் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. கிழித்துப் போடவும் இல்லை. அடுத்த மே மாதத்து டிக்கெட்டுக்கு மட்டும் இவர் நாள் குறித்துவிட்டார். அறுபது நாள் முன்னால்தான் பதிவு திறக்கும், கோடையில் கொங்கண் ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். மார்ச் முதல் வாரத்திலேயே காலை எட்டு மணிக்குத் தயாராக உட்கார வேண்டும்.