ஒரு பக்கம், ஒரு ஃபோல்டர்!

உங்க லேப்டாப்ல 'நியூ ஃபோல்டர்', அதுக்குள்ள இன்னொரு 'நியூ ஃபோல்டர்', அதுக்குள்ள 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்'னு இருக்கா? கையைக் கொடுங்க பாஸ், நாம ஒரே கட்சி! ஆனா, அந்தக் கட்சியில இருந்து நான் ராஜினாமா பண்ணிட்டேன். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

ஃபைனல் இயர்ல எங்க கிளாஸுக்கு ஒரு வெப்சைட். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு கட்டுரை, ஒரு போட்டோ. பொறுப்பு என் தலையில். 'ஹியூகோ'வுல செஞ்சேன். 2013-ல் வந்த இலவச சாஃப்ட்வேர் அது. டேட்டாபேஸ் தேவையில்லை. நாம எழுதிக் கொடுக்கிற டெக்ஸ்ட் ஃபைல்களை ஒரே மூச்சில் வெப் பக்கங்களா மாத்திக் கொடுத்துடும்.

வந்த போட்டோவையெல்லாம் 'ஸ்டாட்டிக்' ஃபோல்டருக்குள்ள 'இமேஜஸ்'னு ஒரே இடத்துல கொட்டினேன். கல்யாண மண்டப வாசல்ல செருப்பு கிடக்குமே, அப்படி! நடுவுல கம்ப்யூட்டர், 'இதே பேர்ல ஒரு ஃபைல் இருக்கு, மாத்திடவா?'ன்னு கேட்டுச்சு. தூக்கக் கலக்கத்துல 'யெஸ்' தட்டிட்டேன்.

மறுநாள் சைட்டைப் பார்த்துட்டு ஒரு ஃப்ரெண்ட் வந்தான். இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தவன். அவர் டெய்லர். கட்டுரைக்கு மேல, அவர் தையல் மெஷின் முன்னால உட்கார்ந்திருக்கிற படம் வரணும். வந்ததோ, மூஞ்சி முழுக்க கேக் பூசின இன்னொருத்தனோட பர்த்டே போட்டோ! ரெண்டு பேரும் கொடுத்த ஃபைலோட பேரு 'போட்டோ.ஜேபிஜி'.

அவன் கோபப்படலை. "மச்சான், எங்கப்பா எங்கடா?"ன்னு மட்டும் கேட்டான். பென்டிரைவை அவன் ஏற்கெனவே அழிச்சிருந்தான். என்கிட்ட பதிலே இல்லை.

அன்னிக்கு ராத்திரிதான் 'பேஜ் பண்டில்' பற்றி ஒழுங்கா படிச்சேன். 2017 டிசம்பர் கடைசியில் வந்த 0.32 வெர்ஷன்லேயே ஹியூகோ இதைக் கொடுத்திருக்கு! ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபோல்டர். உள்ளே 'இன்டெக்ஸ்.எம்டி'ங்கிற பேர்ல கட்டுரை. கூடவே அதோட படம், பிடிஎஃப் எல்லாம். இவைதான் அந்தப் பக்கத்தோட 'ரிசோர்சஸ்'. ஃபோல்டரை நகர்த்தினா படமும் கூடவே வரும். அழிச்சா, அனாதைப் படம் எதுவும் மிச்சம் இருக்காது. பெரிய படத்தைச் சின்னதாக்கவும் ஹியூகோவே உதவும். பேரு ஒண்ணா இருந்தாலும் மோதல் இல்லை. ரெண்டு வீட்டுலயும் ஒரு குமார் இருக்கலாம் இல்லையா!

ஒரே ஒரு விஷயத்துல உஷார். எல்லாப் பக்கங்களையும் அடக்கின பெரிய ஃபோல்டர்ல, முன்னால அண்டர்ஸ்கோர் போட்டு '_இன்டெக்ஸ்.எம்டி'ன்னுதான் வைக்கணும். அந்தச் சின்னக் கோட்டை மறந்தேன்... மொத்த கிளாஸும் சைட்ல காணோம்! கோடு இல்லேன்னா, உள்ளே இருக்கிற பக்கங்களையும் ஹியூகோ வெறும் ரிசோர்ஸ்னு எடுத்துக்கும்.

அந்த வாரம் அவன் ஊருக்குப் போனான். பழைய ஆல்பத்துல ஒட்டியிருந்த படத்தைக் கிழியாம எடுத்து, மறுபடி ஸ்கேன் பண்ணிட்டு வந்தான். இந்த முறையும் ஃபைலோட பேரு 'போட்டோ.ஜேபிஜி'தான். நான் மாத்தலை. அவனோட ஃபோல்டர்ல, அவன் எழுதினதுக்குப் பக்கத்துலயே வெச்சேன்.

உங்க 'நியூ ஃபோல்டர்'ல என்ன கிடக்குன்னு இன்னிக்கே ஒரு எட்டு பார்த்துடுங்க, ப்ளீஸ்!