ஒரு மில்லி ரத்தம்

செவ்வாய், இரவுப் பணி

எங்கள் பச்சிளங்குழந்தை வார்டின் மூன்றாம் வார்மரில் இருப்பவள் 940 கிராம். 28 வாரத்தில் பிறந்தவள். எட்டு மணிக்கு மேல் இரண்டு தடவை மூச்சை நிறுத்தினாள். பாதத்தைச் சுண்டியதும் மறுபடி இழுத்தாள். மாலையில் கொடுத்த பால் செரிக்காமல் வயிற்றிலேயே நிற்கிறது. காய்ச்சல் இல்லை. இத்தனை சிறிய குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் உடம்பு சுடவேண்டும் என்றில்லை, சில்லிட்டும் போகும். “பிள்ளை சரியில்லை சார்” என்றேன். டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. எங்கள் வார்டில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மரியாதை உண்டு.

கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு ஒரு மில்லி ரத்தம் எடுத்தோம். அவள் உடம்பு மொத்தத்திலும் ஒரு சிறிய காபி டம்ளர் அளவுதான் ரத்தம். ஆனாலும் குறைத்து எடுத்தால் கிருமி அகப்படாமல் போகலாம். முடிவுக்குக் காத்திராமல் மருந்தும் ஆரம்பமாயிற்று.

வியாழன்

கல்ச்சரில் வளர்ந்தது கிளெப்சியெல்லா என்ற கிருமி. நல்லவேளை, ஒரு மருந்துக்கு இன்னும் மசிகிறது. 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் இந்தக் கிருமிகளில் பாதிக்கு மேல் பல மருந்துகளுக்கு அசையவில்லை. கல்ச்சரில் கிருமி தெரிந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். தொற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு பிறந்த மூன்று நாளுக்குள்ளேயே வந்தவை.

தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் இறங்கும். இவள் அதற்கு முன்பே வந்துவிட்டாள். தொப்புள் வழியாகப் போட்ட லைனில்தான் இவளுக்குச் சாப்பாடு. கிருமிக்கும் அதுவே வாசல். ரவுண்ட்ஸில் “லைன் இன்னும் வேணுமா?” என்று தினமும் கேட்பது எந்த ஊசிக்கும் குறைந்த வைத்தியமில்லை என்பேன். இன்று எடுத்தாயிற்று.

அடுத்த வார்மர் பையனுக்கு 48 மணி நேரமாகியும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை; ஆளும் தெளிவாக இருக்கிறான். டாக்டர் மருந்தை நிறுத்தினார். அவன் ஆத்தா சண்டைக்கு வந்தார்: “காசில்லாதவங்கன்னா மருந்தை நிறுத்திடுவீங்களா?” மருந்து தொடங்கும்போது யாரும் விளக்கம் கேட்பதில்லை. நிறுத்தும்போது அரைமணி நேரம் பேசவேண்டியிருக்கிறது. அந்த அரைமணியைச் சோம்பி விடுகிற வார்டில்தான் எதற்கும் மசியாத கிருமி வளரும்.

ஞாயிறு

மூன்றாம் வார்மர்காரிக்கு மூச்சு நிற்பது குறைந்திருக்கிறது. டியூபில் தாய்ப்பால், ஒரு மில்லி. கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னால் அம்மா பின்வாங்குகிறாள்.

“நான் தொட்டா கிருமி ஒட்டிக்காதா சிஸ்டர்?”

“எங்க கையவிட உன் நெஞ்சு சுத்தம்மா.”

சும்மா சொன்னதல்ல. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், பிறந்த உடனே தாயோடு அணைத்து வைத்த குழந்தைகளிடையே இறப்பு கால் பங்கு குறைந்தது. ஆனால் அவை ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவை. இவள் அதிலும் சிறியவள். டாக்டரிடம் கேட்டேன், ஒரு மணி நேரம் முயன்று பார்க்கலாம் என்றார்.

அம்மா அணைத்தபடி உட்கார, வார்மர் பக்கத்தில் சாய்வு நாற்காலி போட இடமில்லை. மருந்து ட்ராலியை நகர்த்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.