ஃபர்னஸும் ஈரப்பெட்டியும்

வெளிநாட்டில் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பும் அம்மாமார்கள் ஸ்வெட்டர், கம்பளி, பிரசவ மருந்து என்று ஒன்றுவிடாமல் மூட்டை கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே குளிரைவிட வறட்சிதான் பாடாய்ப் படுத்தும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புவதில்லை.

நாங்கள் இருப்பது கனடாவில் வின்னிபெக் நகரம். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி சர்வ சாதாரணம். மைனஸ் 30ம் உண்டு. வீட்டுக்குள் மட்டும் கொடைக்கானல் மாதிரி 21 டிகிரி! எல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கும் கேஸ் ஃபர்னஸின் தயவு. ஆளுயரத் தகரப் பெட்டி. உள்ளே கேஸ் எரியும். அந்தச் சூட்டை ஒரு பெரிய காற்றாடி குழாய்கள் வழியாக அறை அறையாகத் தள்ளும்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? மைனஸ் 20ல் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1 கிராம் ஈரம்தான் தங்கும். அதே காற்று வீட்டுக்குள் புகுந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை குடிக்கத் தயாராகிவிடுகிறது. அந்தத் தாகத்தை நம் உதட்டிலும் மூக்கிலும் தீர்த்துக்கொள்ளும். ராத்திரி உலர்த்திய பாவாடை காலையில் அப்பளமாக மொடமொடக்கும். வந்த முதல் குளிர்காலத்திலேயே என் மாமியாருக்குக் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. என் ஒன்பது வயதுப் பெண்ணுக்கோ வாரத்துக்கு இரண்டு முறை மூக்கில் ரத்தம். தலையணை உறையில் அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். (மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாதாம். முன்னால் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிஷம் விடாமல் பிடிக்க வேண்டும்.) டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதவில்லை. "உங்க வீட்டுக் காற்றைச் சரி பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதற்கென்று ஃபர்னஸ் குழாயிலேயே பொருத்தும் ஒரு பெட்டி உண்டு. ஹ்யூமிடிஃபையர் என்று பெயர். எங்கள் வீட்டில் ஈரப்பெட்டி. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு தடுப்பு. அதன்மேல் தண்ணீர் சொட்டும். சூடான காற்று அதனூடே புகுந்து ஈரத்தை வாரிக்கொண்டு போகும். மிஞ்சிய தண்ணீர் சாக்கடைக்கு. தண்ணீரைத் திறந்து மூட ஒரு சின்ன மின்சார வால்வ்.

பெட்டியை வாங்கியாயிற்று. ஒயர் கொடுப்பதில்தான் வந்தது வினை. ஃபர்னஸ் கதவைக் கழற்றினால் உள்ளே ஒரு பலகை. அதில் ஆர், சி, டபிள்யூ, ஒய், ஜி என்று எழுத்துப் போட்ட முனைகள். ஆர்-க்கும் சி-க்கும் நடுவில் 24 வோல்ட். டபிள்யூ சூட்டுக்கு, ஜி காற்றாடிக்கு, ஒய் கோடைக்கால ஏ.சி.க்கு. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் இந்த ஒயர்கள் வழியாகத்தான் ஃபர்னஸுக்கு உத்தரவு போடுகிறது. அதே பலகையின் மூலையில் 'ஹம்' என்று இன்னொரு முனை.

தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், "ஹம்னா ஹ்யூமிடிஃபையர்தானே!" என்று வால்வின் ஒயரை நேரே அதில் செருகிவிட்டார். கருகல் நாற்றம் மாடி வரைக்கும் வந்தது. வால்வ் கேட்பது 24 வோல்ட். எங்கள் ஃபர்னஸில் அந்த முனையில் வருவதோ 120 வோல்ட்! சில ஃபர்னஸில் அங்கேயும் 24 தானாம், சிலவற்றில் அந்த முனையே கிடையாதாம். கூட வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கூலியை மட்டும் குறைக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து லைசென்ஸ் உள்ள மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டோம். வயதானவர். முதல் காரியமாக ஃபர்னஸின் ஸ்விட்சை அணைத்து, மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே கை வைத்தார். நான் படியில் உட்கார்ந்து நோட்டில் படம் போட்டுக்கொண்டேன். பத்தாவதோடு நிறுத்திய படிப்பு என்றாலும், புரியும்படி சொன்னால் ஏன் புரியாது?

'ஹம்' முனையில் ஒரு தனி டிரான்ஸ்ஃபார்மர். அது 120 வோல்ட்டை 24 ஆக இறக்குகிறது. அங்கிருந்து கிளம்பும் இரண்டு ஒயரில் ஒன்று நேரே வால்வுக்கு. மற்றொன்று ஹ்யூமிடிஸ்டாட் என்ற திருகுக் கருவி வழியாகச் சுற்றி வால்வுக்கு. ஈரம் போதுமென்றால் அந்தக் கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆக, ஃபர்னஸ் ஓடவும் வேண்டும், காற்று வறண்டிருக்கவும் வேண்டும். இரண்டும் கூடினால்தான் தண்ணீர் திறக்கும். இதைக் கேட்ட என் மாமியார், "மாமியாரும் மருமகளும் ஒத்துக்கிட்டாத்தான் அடுப்பு எரியும்கறான்" என்று ஒரே போடாகப் போட்டார்!

மூன்றே வாரத்தில் பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் வருவது நின்றது. அத்தையின் குதிகாலும் ஆறியது.

ஆனால் அந்தத் திருகை எதில் வைப்பது என்பதுதான் பெண்களாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம். வெளியே குளிர் ஏற ஏற ஈரத்தைக் கூட்டத்தான் கை போகும். அது கூடாது; குறைக்க வேண்டும். வெளியே மைனஸ் 7 என்றால் 35 சதவிகிதம் வைக்கலாம். மைனஸ் 18க்கு 25. மைனஸ் 29க்கு 15 தான். இல்லாவிட்டால் சில்லிட்ட ஜன்னல் கண்ணாடியில் ஈரமெல்லாம் தண்ணீராக வழியும். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு இளம் தாய், கைக்குழந்தைக்குச் சளி என்று மைனஸ் 25ல் 45 சதவிகிதம் வைத்துவிட்டாள் பாவம். தொட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் கறுப்பாகப் பூஞ்சைக் காளான்! "அக்கா, நல்லதுன்னு நினைச்சுத்தானே வச்சேன்" என்று அழுதாள். தொட்டிலை வேறு அறைக்கு மாற்றி, ஜன்னலைத் தேய்த்துக் கழுவி, திருகை 20க்கு இறக்கினோம். வெளிக்குளிரைப் பார்த்துத் தானே ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட்கள் இப்போது வந்திருக்கின்றன. எனக்கென்னவோ காலையில் காபி போடும்போதே ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிடுவதுதான் சரிப்படுகிறது. கீழ்விளிம்பில் ஈரம் கோத்திருந்தால் ஒரு கோடு குறைத்துவிடுவேன்.

வெந்நீர் அண்டாவில் படிகிற மாதிரி அந்தத் தேன்கூட்டிலும் உப்புப் படியும். வருஷத்துக்கு ஒரு முறை, அக்டோபரில் புதிது மாற்றுகிறேன். மே மாதம் வந்ததும் திருகை அணைத்து, தண்ணீர்க் குழாயை மூடி, பெட்டிக்குக் காற்று போகும் வழியையும் அடைத்துவிட வேண்டும். திறந்தே விட்டால் கோடையில் ஏ.சி.யின் குளிர்ந்த காற்று அந்த வழியாகச் சுற்றி வீணாகும். என் நோட்டுப் படத்தை ஃபர்னஸின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். போன வருஷம் சர்வீஸுக்கு வந்த பையன் அதைப் பார்த்துத்தான் ஒயரைச் சரிபார்த்தான்.